நூலக மொழியும் நூல் படிக்கும் நெறியும்

அடையாற்றின் தென்கரையில், கோட்டூர்புரத்தில், 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் இரண்டாம் தளம் தமிழ் நூல்களுக்கு உரியது. அதன்மேல் உயர்ந்து செல்லும் தளங்களில் மெய்யியல், சமூகவியல், பொருளியல், சட்டம், கணிதம், மருத்துவம், பொறியியல், வரலாறு எனத் துறைதோறும் வகுத்து வைக்கப்பெற்றுள்ள நூல்களுட் பெரும்பாலன ஆங்கில நூல்கள். தமிழ்வழியிற் பள்ளிக்கல்வி முடித்து, இருபது வயதிற்கு மேல் ஆய்வுநோக்கோடு அங்கு வரும் ஒருவர், ஒரு தளம் மேலேறிய அளவிலேயே வேற்றுமொழியின் எல்லைக்குட் புகுந்துவிடுகின்றார். அவ்வெல்லையைக் கடத்தற்கு அவருக்கு எவ்வகைப் பயிற்சி இதுகாறும் அளிக்கப்பெற்றது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருளாகும். அந்நூலகத்தை வேறிடத்திற்கு மாற்றுவதென 2011 நவம்பரில் எழுந்த அறிவிப்பும், உயர்நீதிமன்றம் அதற்கு விதித்த தடையும் தனி வரலாறு. அவை ஈண்டு வேண்டா.

ஆங்கிலம் கற்பித்தலின் வரலாறு முழுவதையும் கூறுதல் எம் கருத்தன்று. ஆங்கிலம் பேசுதல் வேறு, எழுதுதல் வேறு, ஓர் ஆய்வுநூலை எடுத்து, அதன் ஆசிரியர் எதனை நிறுவ முயல்கின்றார், எச்சான்று காட்டுகின்றார், எவ்விடத்து ஐயுறுகின்றார் என உணர்ந்து படித்தல் வேறு. முதலிரண்டும் வாராதார்க்கும் மூன்றாவது வருதல் கூடும். நம் தமிழ்த்துறைகளில் ஆய்வு செய்வோர் பலர்க்கு இம்மூன்றாவதே இன்றியமையாதது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி 1961இல் ஆங்கிலத்திலேயே வந்தது. கைலாசபதியின் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆய்வு 1968இலும், கமில் சுவெலபிலின் தமிழிலக்கிய வரலாறு 1973இலும், ஜார்ஜ் ஹார்ட்டின் சங்கப்பாடல் ஆய்வு 1975இலும் அம்மொழியிலேயே வந்தன. தமிழை ஆராய்வார்க்கும் ஆங்கில நூற்படிப்பு வேண்டியிருத்தலின், இஃது ஆங்கிலத்துறையார் கவலை மட்டும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

வயது வந்தார்க்கு வேற்றுமொழி நூலைப் படிக்கக் கற்பிக்கும் முயற்சி சென்னையில் முதன்முதல் நிறுவன அளவில் நடந்தது ஆங்கிலேயர்க்கே என்பது நினைக்கத்தக்கது. எல்லிசு முன்னின்று 1812இல் நிறுவிய சென்னைக் கல்லூரியில், கும்பினியின் இளம் அலுவலர்கள் தமிழும் பிற தென்மொழிகளும் கற்றனர். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை, மொழி கற்கும் ஐரோப்பியர் கைக்கு ஏற்ற உரைநடையாகக் கருதப்பெற்று, பாபிங்டன் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1822இல் இலண்டனில் அச்சாயிற்று. கதையின்மேற் செல்லும் ஆர்வமே அந்நூலிற் கற்பவனை இழுத்துச் செல்லும். மொழியின் பொருட்டுக் கதையைப் படித்தான் எனினும், கதையின் பொருட்டு மொழியைப் படித்தான் எனினும் ஒக்கும். தமிழர் ஆங்கிலம் கற்கப் புகுந்தபோது இந்நலம் அவர்க்கு வாய்க்கவில்லை.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனார் நிறுவிய செமினரி இதற்கு ஓரளவு விலக்காகும். ஆங்கிலமும் தமிழும் அங்கு அருகருகே வைத்துக் கற்பிக்கப்பட்டன. அங்குப் பயின்றவரும், 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவருமாகிய சி. வை. தாமோதரம் பிள்ளை, பிற்காலத்து வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை ஆகியவற்றைப் பதிப்பித்து எழுதிய பதிப்புரைகளிற் காணும் வழக்காடும் முறை, இருமொழி நூற்படிப்பும் ஒருவர்பாற் கூடியதன் பயன் என யாம் கருதுகின்றோம். ஆயின் அச்செமினரி 1855இலேயே மூடப்பட்டது. அதன் முறையும் பரவவில்லை.

பரவியது தேர்வு முறையே. பல்கலைக்கழகம் குறித்த பாடநூலை ஆசிரியர் வரிவரியாகப் படித்துச் சொற்பொருள் கூறுவார்; மாணாக்கர் அதனை நூலின் ஓரத்திற் குறித்துக்கொள்வர்; தேர்வில் அச்சொற்பொருளும் இடஞ்சுட்டிப் பொருள் விளக்கமும் வினவப்படும். பிற்காலத்தே ஆங்கிலப் பாடநூல்களை ‘டீடெயில்’ எனவும் ‘நான்-டீடெயில்’ எனவும் இருவகையாகப் பகுத்தனர். முன்னையது சொல்லுக்குச் சொல் ஆழ்ந்து கற்றற்குரியது. பின்னையது, ஆசிரியர் துணை அதிகமின்றி மாணாக்கர் தாமே விரைந்து படித்துப் பொருளோட்டம் உணர்தற்குரியது. இப்பகுப்பு மிக நல்லதொரு கருத்தின்பாற் பட்டது. தேர்வு அதனைக் கெடுத்தது. நான்-டீடெயில் நூலிலிருந்து கட்டுரை வினா வரும் என்பது உறுதியாயினமையின், கட்டுரையை நோட்ஸ் நூலிலிருந்து மனனம் செய்தலே எளிதாயிற்று. கதைநூலைக் கையாலும் தொடாமல் அதன் கதைச்சுருக்கத்தை எழுதித் தேறியவர் பலர். தாமே படித்தற்கெனக் கொடுக்கப்பட்ட ஒரே நூலும் இவ்வாறு படிக்கப்படாமற் போயிற்று. நம் தலைமுறையினர் இதனை நகைத்துக்கொண்டு நினைவுகூர்வதுண்டு. நகைக்கத்தக்கதுதானோ என ஐயுறுகின்றோம்.

இக்குறையை இந்தியாவில் முதன்முதல் ஆராய்ச்சி நோக்கோடு கண்டவர் மைக்கேல் வெஸ்ட் ஆவர். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிற் பணியாற்றிய இவர், வங்காள மாணவரை வைத்துச் செய்த சோதனைகளின் பயனாக, இருமொழியம் பற்றிய தம் நூலை 1926இல் வெளியிட்டார். பள்ளியை இடையில் விட்டுச் செல்வோரே மிகுதி; அவர்க்குப் பாதி கற்ற பேச்சு ஒன்றற்கும் உதவாது; பாதி கற்ற படிப்போ தானே வளரும்; ஆதலின் படிக்கும் ஆற்றலையே முதற்கண் தருதல் வேண்டும் என்பது அவர் துணிபு. இதற்கென அடிக்கடி வரும் சொற்களை எண்ணித் தொகுத்து, அச்சொற்களுள் அடங்கும் வாசிப்பு நூல்களை எழுதினார். அவர் 1953இல் வெளியிட்ட பொதுச்சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள் உள்ளன. இதே நெறியில் 2000ஆம் ஆண்டு நியூசிலாந்தைச் சார்ந்த காக்ஸ்ஹெட் அம்மையார், அந்த 2000 சொற்களுக்கு அப்பால் ஆய்வு நூல்களில் துறைவேறுபாடின்றிப் பயின்று வருவனவாகிய 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தளித்தார். கருதிக்கொள்ளல், வருவித்தல், சான்று, அணுகுமுறை என்னும் பொருளுடைய சொற்கள் இத்தகையன. துறைச்சொல் அகராதியில் இவை காணப்படா. கதைநூல்களிலும் அருகியே வரும். தமிழ்வழி மாணாக்கர் இடறி விழுவது பெரும்பாலும் இச்சொற்களிலேயாம்.

விடுதலைக்குப்பின் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறுவோம். 1948இல் அமைந்த இராதாகிருஷ்ணன் குழு, வளரும் அறிவோடு தொடர்பு அறாதிருத்தற்பொருட்டு உயர்நிலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலம் கற்கப்படுதல் வேண்டும் என்றது. சென்னை மாநிலத்தில் 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டவகுப்பு தொடங்கப்பெற்றது. கோத்தாரி குழு 1966இல் அளித்த அறிக்கையில், தாய்மொழி பயிற்றுமொழியாகும் இடத்தும் ஆங்கிலம் ‘நூலக மொழி’யாக நிற்கும் எனவும், அதில் ஓரளவேனும் தேர்ச்சியின்றி எவரும் பட்டத்திற்குத் தகுதியுடையராகக் கருதப்படலாகாது எனவும் கூறியது. நூலக மொழி என்னும் அத்தொடர் அழகிய தொடர். விரிவுரை கேட்பதும் தேர்வெழுதுவதும் தன்மொழியில். நூல் தேடுவது ஆங்கிலத்தில் என்னும் பாகுபாடும் அறிவிற்கொத்ததே. ஆயின் நூலக மொழியைப் படிக்கக் கற்பிக்கும் பொறுப்பு நடைமுறையில் எவர்பாலும் வந்து சேரவில்லை. ஆங்கிலத்துறை இலக்கியமும் இலக்கணமும் கற்பித்தது. பாடத்துறைகள் தமிழிற் பாடம் நடத்தின. நூலகர் நூலை எடுத்துக் கொடுத்தார். இம்மூவர்க்கும் இடையே மாணாக்கன் தனித்து நின்றான். பயிற்றுமொழி பற்றி எழுந்த வழக்குரைகளில் ஒருசாரார் ஆங்கிலவழிக் கல்வியே வேண்டும் என்றனர். ஒருசாரார் தமிழில் நூல்கள் பெருகினால் ஆங்கிலம் வேண்டாமற் போகும் என்றனர். இருசாராரும் இடைநின்ற மாணாக்கனின் படிப்பைப் பற்றிப் பேசினாரல்லர்.

இதே காலத்து 1950களில் சென்னை மாநிலப் பள்ளிகளில் வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் அமைப்பு முறை புகுந்தது. 1958இல் ஐதராபாத்தில் நடுவண் ஆங்கில நிறுவனம் தோன்றியது. ஆசிரியர் பலர் இம்முறையிற் பயிற்சி பெற்றனர். ஆயின் இது சிறுவர்க்கு வாய்மொழிப் பயிற்சியாக அமைந்தது; கல்லூரி மாணாக்கனின் நூற்படிப்பை இது தொடவில்லை.

தொட்டவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலிற் பணியாற்றிய என். எசு. பிரபு. இவர் பாஸ்கருடன் இணைந்து கல்லூரி மாணாக்கர்க்கென 1970களின் நடுவில் வெளியிட்ட பாடநூல், ‘வாசிப்பின் வழி ஆங்கிலம்’ எனப் பொருள்படும் பெயருடையது. பெயரே கொள்கையைக் கூறும். பின்னர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய இடங்களிற் பள்ளி வகுப்புகளில் இவர் நடத்திய ஆய்வுத் திட்டம் உலகெங்கும் மொழியாசிரியரால் இன்றும் எடுத்துப் பேசப்படுகின்றது. இலக்கண விதியோ சொற்பட்டியலோ முன்வைக்காமல், இரயில் நேர அட்டவணை, ஊர்ப்படம் போன்றவற்றைத் தந்து, அவற்றிலிருந்து ஒன்றைக் காரணகாரிய முறையில் உய்த்துணரச் செய்தார். முதலில் வகுப்பறிய ஆசிரியர் ஒன்றைச் செய்துகாட்டுவார். அதனையொத்த மற்றொன்றை மாணவர் தனியே செய்வர். வகுப்பிற் பாதிப்பேரேனும் பாதியளவேனும் சரியாகச் செய்யத்தக்க அருமைப்பாடு உடையதாக அப்பணி இருத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட அளவை. கருத்து பொருளின்மேற் சென்றவழி மொழி தானே படியும் என்பது அவர் கொள்கையின் சாரம். பெரேட்டா, டேவிஸ் இருவரும் 1985இல் வெளியிட்ட மதிப்பீடு இத்திட்டத்திற்குப் பொதுவில் சார்பாக அமைந்தும், ஐயங்களை முற்றும் நீக்கவில்லை. அத்திட்டத்தின் மாணவர் சிறுவர் என்பதையும் மறத்தலாகாது. எனினும் உய்த்துணர்வே படிப்பு என்னும் அவர் கருத்து, வயது வந்த மாணாக்கர்க்கே மிகவும் பொருந்துவதாம். உலகியல் அறிவும் காரணங் காணும் பழக்கமும் அவரிடத்து முன்னரே உள.

இனி, எம் கருத்தினைக் கூறுவோம். ஆங்கில வரியின்மேல் சொல்லுக்குச் சொல் தமிழ்ப்பொருள் எழுதிச் செல்லும் பழக்கம் இன்றும் ஒழியவில்லை. கோட்டூர்புர நூலகத்திற் சொந்த நூல் கொண்டுவந்து படிப்பார்க்கென உள்ள பகுதியிலும் இதனைக் கண்டுள்ளோம். இதனைச் சிலர் தமிழ்மரபின் உருப்போடும் வழக்கம் எனப் பழிப்பர். அஃது உண்மையன்று. சொற்பொருள் கூறல், நம் மரபில் உரையின் ஓர் உறுப்பே. பவணந்தியார் உரையின் இயல்பைக் கூறுமிடத்துப் பதினான்கு கூறுகளை எண்ணுகின்றார். அவற்றுட் கருத்து, வினா, விடை, துணிவு, பயன் என்பனவும் உள்ளன. ஆங்கில வகுப்பறை இவற்றுட் சொற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிட்டது. மரபு மிகுந்தமையால் விளைந்த கேடன்று இது. மரபு குறைந்தமையால் விளைந்தது.

ஒரு நிகழ்ச்சி கூறுவோம். ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் ஆய்வு மாணவர் ஒருவர், திராவிடச் சொற்பிறப்பகராதியில் ஒவ்வொரு பதிவிலும் தமிழ்ச்சொல்லே முதற்கண் நிற்றலின், ஏனைய மொழிச்சொற்கள் யாவும் தமிழினின்றும் பிறந்தன என அதன் ஆசிரியர்கள் கருதினர் என்று எழுதிப் படித்தார். அவையோர் மகிழ்ந்தனர். உண்மையில் அவ்வகராதியில் மொழிகள் ஏறத்தாழத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிய வரிசையில் நிறுத்தப்பட்டுள்ளன; மூலத் திராவிட வடிவம் எதனையும் ஆசிரியர்கள் மீட்டமைத்துக் காட்டவில்லை. அம்மாணவர் சொற்பொருள் அறியாதவரல்லர். முன்னுரையைப் படியாதவர். வேண்டிய பக்கத்தைத் திறந்து வேண்டிய வரியை எடுத்துக்கொண்டார்.

பாயிரம் கேளாமல் நூலுட் புகுதலைக் குற்றமாகக் கருதியது நம் மரபு. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் சிறப்புப் பாயிரத்தால் அறியப்படும். இவ்வெட்டனையும் வினாவாக மாற்றி, ஓர் ஆங்கில ஆய்வு நூலின் முன்னுரை, பொருளடக்கம், முடிவுரை ஆகியவற்றில் விடை தேடுமாறு பணித்தால், அதுவே முதற் பயிற்சியாக அமையும். இந்நூலாசிரியர் எவர் வழியைச் சார்ந்தவர்? எவ்வெல்லைக்குள் தம் பொருளை நிறுத்திக்கொள்கின்றார்? யாரை நோக்கி எழுதுகின்றார்? அமெரிக்க நாட்டு ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்து இராபின்சன் 1946இல் வெளியிட்ட கற்றல் நெறி நூலில், முற்ற நோக்கல், வினவல், படித்தல், சொல்லிப் பார்த்தல், மீள நோக்கல் என ஐந்து படி வகுத்தார். அவற்றுள் முதலிரண்டும் செய்யும் தொழிலைப் பாயிரவினாக்கள் செய்கின்றன. மேலும் நுட்பமாகவே செய்கின்றன எனல் தகும்.

இரண்டாவது இடர், கூற்று எவருடையது எனத் தெளியாமை. ஆங்கில ஆய்வுநூலார் மாற்றார் கொள்கையை அவர்தம் வலிமை தோன்ற முதலில் நிறுத்திப் பின்னரே மறுப்பர். மறுப்பு அடுத்த பத்தியில், சிலபோது அடுத்த இயலில் வரும். முன்பகுதியை மட்டும் மேற்கோளாக எடுப்பவர், ஆசிரியர் மறுத்ததனை ஆசிரியர் தலையிலேயே ஏற்றிவிடுவர். நன்னூல் கூறும் எழுவகை மதத்தை இவ்விடத்துக் கருவியாகக் கொள்ளலாம். பிறர் மதத்தோடு உடன்படல், அதனை மறுத்தல், அதனை மேற்கொண்டு பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுத்தல், இருவர் மாறுகொண்ட இடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூற்குற்றம் காட்டல், எவர் மதத்தையும் சாராது தன் மதம் கொள்ளல் என்னும் ஏழும் இன்றைய ஆய்வுரை எதனுள்ளும் காணக்கிடப்பன. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் சொற்பொருளுக்கு மாறாக இவ்வேழனுள் ஒன்றன் பெயரை எழுதுமாறு பணித்தால், மாணாக்கர் வரியினின்றும் வாதத்திற்கு ஏறுவர். முதுகலை மாணாக்கர் சிலரோடு யாம் இவ்வாறு செய்து பார்த்ததுண்டு. எழுவகையுள் எது என்பதில் அவர்கள் தம்முள் மாறுபட்டு வாதிட்டமையே பெரும்பயனாயிற்று. சரியான விடையை யாம் கூறியது சிறுபயனே.

மூன்றாவது, துணிவின் அளவு. ‘கூடும்’, ‘போலும்’, ‘எனத் தோன்றுகின்றது’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் துணைச்சொற்களை வெற்றடையாகக் கருதி விட்டுச் செல்வோர் பலர். அதனால் ஐயம் உண்மையாகிவிடுகின்றது. தமிழ் உரைகளில் ‘என்ப’ என வருமிடத்தும், ‘என்பாரும் உளர்’ என வருமிடத்தும், ‘போலும்’ என வருமிடத்தும் உரையாசிரியர் பொறுப்பு வேறுபடுதலை நம் மாணாக்கர் நன்கறிவர். அவ்வறிவை வேற்றுமொழி நூல்மேற் செலுத்துக என எவரும் அவர்க்குக் கூறவில்லை என்பதே குறை. வாக்கிய அமைப்பும் இத்தகையதே. தமிழில் அடை முன்னும் பெயர் பின்னும் வர, ஆங்கிலத்திற் பெயரின் பின்னர் நீண்ட அடைத்தொடர் வந்து எழுவாயையும் பயனிலையையும் பிரித்துவிடும். செய்யுளிற் கொண்டுகூட்டிப் பொருள் காணப் பழகியவனுக்கு, எழுவாயைப் பற்றிக்கொண்டு பயனிலையைத் தேடிச் செல்லுதல் புதிய தொழிலன்று.

ஆயினும் இம்மரபை எல்லா நோய்க்கும் மருந்தெனக் கூறுவார்க்கு யாம் உடன்படோம். உரைமரபு, பலகாற் பயிலத்தக்க நூல்களுக்கு எழுந்தது, ஓரெழுத்தையும் தள்ளாதது. ஆய்வாளனோ நூறு நூல்களைப் புரட்டி, இருபதனை மேலோட்டமாக நோக்கி, ஐந்தனை ஆழ்ந்து கற்க வேண்டியவன். எதனை விடுவது எனத் தெரிதல் அவனுக்கு வேண்டும் திறன். அதனைப் பொருட்குறிப்பகராதி, பொருளடக்கம் ஆகியவற்றைக் கையாளும் புதுப் பயிற்சியாலன்றிப் பெறமுடியாது. மேலும், வேற்றுமொழி நூலைப் படித்தலில் உள்ள இடர் படிப்பின் இடரா, மொழியின் இடரா என ஆல்டர்சன் 1984இல் எழுப்பிய வினா ஈண்டு எழும். மொழியறிவு மிகக் குறைந்தவழி எந்நெறியும் பயன்படாது என்பதே அவ்வாராய்ச்சியின் போக்கு. பாயிரவினா எட்டும் அறிந்தவனும், பக்கத்திற்கு முப்பது சொல் தெரியாதபோது நின்றுவிடுவான். ஆதலின் வெஸ்ட் தொடங்கிய சொற்பணியும் உடன்செல்ல வேண்டுவதே. அந்த 570 சொற்குடும்பங்களுக்கும், தமிழாய்வு நூல்களிலிருந்தே எடுத்துக்காட்டுத் தந்து, தமிழில் விளக்கம் எழுதுதல் ஒரு துறையினர் ஓராண்டிற் செய்து முடிக்கத்தக்க வேலையாகும்.

2010இல், கோட்டூர்புர நூலகம் எழுந்த அதே ஆண்டில், அதற்கு அணித்தாயுள்ள அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலிலும் எந்திரப் பொறியியலிலும் தமிழ்வழி வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ்வழியிற் கற்றார்க்கு அரசுப்பணியில் நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கும் சட்டமும் அவ்வாண்டே வந்தது. தமிழ்வழி மாணாக்கர் உயர்கல்விக்கு வரும் வாயில் அகன்றது. அவர் வந்து சேரும் நூலகத்தின் மேல்தளங்களில் நூல்கள் ஆங்கிலத்தில் நின்றன. 1966இன் அறிக்கை பொறுப்பாளரின்றி விட்டுச் சென்ற பணி அங்கே மீண்டும் எதிர்ப்படுகின்றது.

நன்னூலார் பாடங்கேட்டலின் வரலாறு கூறுமிடத்து, ஆசிரியர் கூறியதனை முற்றக் கொள்ளினும் கல்வி காற்பங்கே நிரம்பும் என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் பகுத்தார். ஆங்கில இயல் ஒன்றைப் படித்தவர் அதனை நான்கைந்து பேர்க்குத் தமிழில் எடுத்துரைக்குமாறு அமைக்கும் சிறு குழுவிற்குத் தனிப் பாடத்திட்டமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. படிப்பறைகளுள் பேசுதல் கூடாது. ஆதலின் இத்தகைய உரையாடல் நிகழ்வதாயின் நூலகத்தின் வெளிப்படிக்கட்டுகளிலேதான் நிகழ்தல் வேண்டும். மாலை வேளைகளில் அங்கே இருவர் மூவராகக் கூடி, மடியில் விரித்த ஆங்கில நூலைச் சுட்டிச் சுட்டித் தமிழிற் பேசிக்கொண்டிருப்பாரை யாம் சிலமுறை கண்டதுண்டு.